வண்டி மிஸ் அடிக்கிறதா? எந்த சிலிண்டர் என்று முதலில் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே புகார்தான்: இன்ஜின் குலுங்குகிறது, திக்கித் திக்கி ஓடுகிறது. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போவதைத்தான் மிஸ் அடிப்பது என்கிறோம். ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சார், மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார், 2015 மாடல். சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் வரை நடுங்குகிறது. ஷெட்டில் பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றியாச்சு. நடுக்கம் போகவில்லை. அடுத்து எதை மாற்றுவது?

பதில்: எதையும் மாற்றாதீர்கள். எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை போலிருக்கிறது. இன்ஜினின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் விலை மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கி, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் பாருங்கள். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 வந்தால் இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று இல்லை, மாறி மாறி விடுகிறது. அப்போது காற்று, பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும்.

பி0302 என்றே வைத்துக்கொள்வோம். இன்ஜின் நன்றாக ஆறியதும் இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் (பொறி வைக்கும் பிளக்குக்கு மின்சாரம் தருவது) மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். பெரும்பாலும் ஆளுக்கொரு சின்ன போல்ட்தான் பிடித்திருக்கும். ஸ்கேனரில் பழைய பதிவை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். இப்போது பி0303 வருகிறதா? கோளாறு காயிலோடு சேர்ந்தே இடம் மாறிவிட்டது, காயில்தான் போயிருக்கிறது. பி0302 அப்படியே நின்றால் பிளக்கையும் இதே மாதிரி மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், வயரிங், இல்லை சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரஷன். அதை ஷெட்டுக்கு விட்டுவிடலாம். ஆனால் அங்கே போய் "ரெண்டாவது சிலிண்டர், காயிலும் பிளக்கும் நல்லா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: பிளக்கைக் கழற்றினால் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓரளவுக்கு உண்மை. கழற்றியவற்றை எந்த சிலிண்டரில் இருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே ஒரு பழைய பேப்பரில் வையுங்கள். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் அந்த சிலிண்டர் நன்றாக எரிகிறது. காய்ந்த கரி மாதிரிக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். பெட்ரோல் வாசனையோடு நனைந்திருந்தால் அங்கே பெரும்பாலும் பொறியே வரவில்லை. எண்ணெய் பிசுபிசுப்பு என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது, பிளக் மாற்றி அது தீராது. வெள்ளை வெளேரென்று இருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை. மூன்றில் ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால்தான் அதற்கு மதிப்பு அதிகம்.

திரும்பப் போடும்போது முதலில் விரலாலேயே சுற்றுங்கள். விரலுக்கு மடங்கவில்லை என்றால் மரை ஏறவில்லை என்று அர்த்தம், ஸ்பேனரால் வம்பு பண்ணக்கூடாது. வாஷர் உள்ள புது பிளக்கானால் கையால் இறுகியபின் அரைச் சுற்றுக்குச் சற்று கூட, அவ்வளவுதான். என் தம்பி மகன் பலத்தைக் காட்டி அலுமினிய ஹெட்டின் மரையை அழித்துவிட்டு, கடைசியில் லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

கேள்வி: அண்ணே, ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கலாமா? எங்கள் ஊர் மெக்கானிக் அப்படித்தான் செய்வார்.

பதில்: வேண்டாம். ஆயிரக்கணக்கான வோல்ட் கையில் இறங்கும், காயிலும் போகும். அதற்குப் பதில் இன்ஜெக்டரின் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றிச் செருகுங்கள். எதைக் கழற்றினால் இன்ஜின் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்திருக்கிறது. ஃபேன், பெல்ட் பக்கம் சட்டைக் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. வீடு 40 கிலோமீட்டர். ஓட்டிப் போய்விடலாமா?

பதில்: கூடாது. நிலையாக எரிந்தால் மெதுவாகப் போய்ச் சேரலாம். சிமிட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. அதன் விலைக்கு நாலு தடவை டோ வண்டி வைக்கலாம்.

கேள்வி: வாட்டர் வாஷ் செய்த மறுநாளிலிருந்து மிஸ் அடிக்கிறது.

பதில்: பிளக் உட்காரும் குழிக்குள் தண்ணீர் நிற்கும். காயிலைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். துணியைக் குச்சியில் சுற்றி உறிஞ்சி எடுத்து, காற்றடித்து, காயவிட்டுப் போடுங்கள். காயிலின் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு இதே கதைதான்.

கேள்வி: ஊருக்குள் நன்றாக ஓடுகிறது. ஏற்காடு ஏறும்போது மூன்றாவது கொண்டை ஊசியிலேயே திணறுகிறது.

பதில்: மேட்டில் இன்ஜின் நிறையப் பெட்ரோல் கேட்கும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் பம்ப் தளர்ந்திருந்தாலும் அப்போதுதான் குட்டு வெளிப்படும். சாவியை ஆன் மட்டும் செய்து பின் சீட் பக்கம் காது கொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஓரிரு நொடி "ம்ம்ம்" என்று பம்ப் ஓடும். முனகலாகவோ கரகரப்பாகவோ கேட்டால் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவரா நீங்கள்? டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் அந்தப் பம்பைக் குளிர்விக்கிறது. இன்னொன்று, பலவீனமான காயிலும் மேட்டில்தான் காலை வாரும். அதனால் ஸ்கேனரை மறக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு மாதம் ஊரில் இல்லை. வந்து ஸ்டார்ட் செய்தால் ஒரே உதறல்.

பதில்: பானெட்டைத் திறந்து முதலில் எலி எச்சம் இருக்கிறதா பாருங்கள். இன்ஜெக்டர் வயரைக் கடித்திருக்கும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல், சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள். புகையிலை கட்டித் தொங்கவிட்டால் எலி வராது என்பார்கள். எங்கள் வீட்டு எலி அதன்மேலேயே கூடு கட்டியது.

வயர் சரியாக இருந்தால் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். இப்போதைய இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மேலே புது பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்காமல், ஷெட்டில் டேங்கை வடிக்கச் சொல்லுங்கள். வடித்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் நடுவில் கோடு தெரியும்.

கேள்வி: டீசல் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: பொறி வைக்கும் பிளக் அதில் கிடையாது. டீசல் ஃபில்டருக்கு அடியில் திருகு இருந்தால் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள், பழசாக இருந்தால் ஃபில்டரையே மாற்றுங்கள். காமன் ரெயில் வண்டியில் (ஒரே குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் அனுப்பும் வகை) இன்ஜெக்டர் குழாயை மட்டும் வீட்டில் தளர்த்தவே கூடாது. உள்ளே அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும், பீய்ச்சினால் தோலைத் துளைத்துவிடும்.