காரில் செற் பூட்டுதல்: கேளுங்கள், சொல்கிறேன்

காரில் பாட்டுச் செற்றைத் தாங்களே பூட்ட நினைப்பவர்களின் கேள்விகளுக்கு இன்றிரவு பதில் சொல்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கேட்பவரின் ஊரும் காரும் இருக்கும். எல்லோருக்கும் பொதுவாக முதலில் ஒன்று: பற்றரியின் மைனஸைக் கழற்றாமல் டாஷ்போர்ட்டில் கை வைக்காதீர்கள். எந்தக் கம்பனி நல்லது, என்ன விலை என்று கேட்க வேண்டாம். அது கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

கொக்குவில், அக்சியோ: புதுச் செற்றோடு வந்த வயர்களை, காரில் இருக்கும் வயர்களோடு நிறம் பார்த்துச் சேர்த்தால் போதும்தானே அண்ணை?

இல்லை தம்பி. அதிகம் செற் எரிவது இந்த இடத்தில்தான். வெளியில் வாங்கும் செற்றுகளில் நிறங்கள் பெரும்பாலும் ஒரே முறையில்தான் வரும். மஞ்சள் எப்போதும் கரண்ட் இருப்பது, சிவப்பு திறப்பைத் திருப்பினால் வருவது, கறுப்பு எர்த், அதாவது காரின் பொடியில் பூட்டுவது. வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஸ்பீக்கரின் மைனஸ்.

உங்கள் அக்சியோ போன்ற டொயோட்டாக்களின் சொந்த வயர்கள் வேறு முறை. வழமையாக நீலத்தில் மஞ்சள் கோடு போட்டதுதான் நிரந்தரக் கரண்ட், திறப்பால் வருவது சாம்பல், எர்த் மண்ணிறம். சிவப்பும் கறுப்பும் பின் ஸ்பீக்கர்களுக்குப் போகின்றன. நீங்கள் சாம்பலைச் சாம்பலோடு சேர்த்தால், செற்றின் ஸ்பீக்கர் வெளியீட்டுக்குள் நேராக 12 வோல்ட் ஏறும். திறப்பைத் திருப்பியதும் செற் முடிந்தது.

பத்து முனையும் ஆறு முனையும் கொண்ட டொயோட்டா மாற்றுப் பிளக் சோடி ஒன்று வாங்குங்கள். இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பிக்கலாம். காரின் வயரை வெட்டவே வேண்டாம். பிளக் இருந்தாலும், செற்றைக் கொழுவ முன்னர் மைனஸைத் திரும்பப் பூட்டி, ஒவ்வொரு முனையையும் வோல்ட் அளக்கும் மீற்றரில் பாருங்கள். அளந்து முடிந்ததும் மைனஸைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

சுன்னாகம், வகன் ஆர்: ஜப்பானிலிருந்து வந்த செற்றில் உள்ளூர் எஃப்எம் பாதிதான் பிடிக்கிறது. பழுதா?

பழுதில்லை. ஜப்பானில் எஃப்எம் 76இல் தொடங்கி 90இல் முடியும், பிந்திய செற்றுகளில் 95. எங்களுடையது 87.5இலிருந்து 108 வரை. அன்ரெனா வயருக்கு நடுவில் பாண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியைப் பூட்டினால் மேல் நிலையங்களும் வரும், ஆனால் திரையில் இலக்கம் வேறாகக் காட்டும். செற்றை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் அந்தப் பெட்டி தேவையில்லை.

மானிப்பாய், விட்ஸ்: எந்தச் செற் நல்லது?

மேலே சொல்லிவிட்டேன்.

பருத்தித்துறை, ஒஸ்ரின் ஏ40 சோமசெற்: அப்பாவின் கார். இன்னும் ஓடுகிறது. புளூடூத் செற் ஒன்று பூட்டலாமா?

பூட்டலாம். ஆனால் மிகக் கவனமாக. பொனற்றைத் திறந்து, பற்றரியின் எந்த முனை பொடியோடு பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்கள் பெரும்பாலும் பிளஸ் எர்த். மொரிஸ் மைனரும் அறுபதுகளின் நடுப்பகுதி தாண்டும்வரை அப்படித்தான். இன்றைய செற்றின் இரும்பு உடம்பும் அன்ரெனாவின் வெளிச்சுற்றும் மைனஸ். அதைக் காரின் இரும்பில் முட்டவைத்தால் பிளஸும் மைனஸும் நேரே சேரும். செற்றின் பியூஸ் மஞ்சள் வயரில்தான் இருக்கும், கறுப்பு வயரில் இல்லை. அதனால் பியூஸ் காப்பாற்றாது, வயர் எரியும்.

ரப்பர் சுற்றித் தனிமைப்படுத்திப் பூட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அன்ரெனா ஒரு இடத்தில் உரசினால் போதும், எல்லாம் போய்விடும். காரை மைனஸ் எர்த்துக்கு மாற்றுவதுதான் சரியான வழி. பற்றரியைத் திருப்பி வையுங்கள். இரண்டு முனைகளும் ஒரே தடிப்பு இல்லை, ஆகவே பிடிகளையும் மாற்ற வேண்டி வரும். எஞ்சினுக்குப் பொறி தரும் கொயிலின் இரண்டு சிறு வயர்களை இடம் மாற்றுங்கள். அம்மீற்றர் இருந்தால் அதன் வயர்களையும். பிறகு டைனமோவில் டி, எஃப் என்ற வயர்களைக் கழற்றிவிட்டு, பற்றரியின் பிளஸிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் எஃப் முனையில் இரண்டு மூன்று தரம் தொட்டு எடுங்கள். சிறு பொறி வரும். டைனமோ புது முனைக்கு மாறிவிட்டது. இதைச் செய்யாமல் எஞ்சினை ஓட்டினால், டைனமோவையும் பற்றரியையும் சேர்த்துப் பிரிக்கும் கட்டவுட் எரியும். யாராவது ஏற்கெனவே மைனஸ் எர்த்துக்கு மாற்றி, டைனமோவுக்குப் பதில் ஓல்ரனேற்றர் போட்டிருந்தால் இந்த வேலை எதுவும் இல்லை, அதனால்தான் முதலில் பார்க்கச் சொன்னேன்.

டைனமோ தருவது அதிகம் போனால் 20 அம்பியர் அளவு, அதுவும் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது. சின்னச் செற், இரண்டு ஸ்பீக்கர், அவ்வளவுதான். அம்ப், அதாவது சத்தத்தைக் கூட்டும் தனிப் பெட்டி, வேண்டாம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். டாஷ்போர்ட்டை வெட்டாதீர்கள். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி எங்கள் சனத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார்கள் இவை. இருக்கைக்குக் கீழே ஒரு பெட்டி செய்து செற்றை அதற்குள் வையுங்கள். பிறகு எப்போது கழற்றினாலும் கார் அப்பா வைத்திருந்தபடியே இருக்கும்.

நல்லூர், அலியன்: செற் 4×50 வாட். கதவுகளுக்கு 60 வாட் ஸ்பீக்கர் போட்டேன். கூட்டினால் கரகரக்கிறது. ஸ்பீக்கர் பழுதா?

ஸ்பீக்கரில் குற்றமில்லை, செற்றுக்கு மூச்சு முட்டுகிறது. பெட்டியில் உள்ள 50 ஒரு கண நேர உச்சம். தொடர்ந்து தருவது ஒரு ஸ்பீக்கருக்குச் சுமார் 20 வாட்.

நல்லூர்: அச்சடித்திருக்கிறார்களே அண்ணை. எப்படிக் குறையும்?

செற்றின் பின்னால் உள்ள பியூஸைப் பாருங்கள், அனேகமாக 10 அம்பியர். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட். பெருக்கினால் 140 வாட். உள்ளே போவது 140 என்றால் வெளியே 200 தொடர்ந்து வர முடியாது. பெட்டியில் ஆர்எம்எஸ் என்று சின்ன எழுத்தில் இருக்கும் இலக்கத்தைத் தேடுங்கள், தொடர்ந்து தருவது அதுதான்.

கொக்குவில், அக்சியோ: என்னுடையதில் 15 அம்பியர் பியூஸ். 210 வாட். அப்படியானால் எனக்கு முழு 50உம் வரும்தானே?

வராது. 210 என்பது அது இழுக்கக்கூடிய எல்லை. செற்றுக்குள் இருக்கும் அம்ப் அதில் பெரிய பங்கைச் சூடாகவே விடுகிறது. ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டுச் செற்றின் பின்பக்கத்தைத் தொட்டால் தெரியும். திரைக்கும் புளூடூத்துக்கும் வேறு கரண்ட் போக வேண்டும்.

சாவகச்சேரி, ஹயஸ்: நான் 30 அம்பியர் பியூஸ் போட்டுத்தான் ஓடுகிறேன். ஒரு பிரச்சினையும் இல்லை. சத்தமும் கூடியது.

ஐயா, இன்றைக்கே கழற்றுங்கள். பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. செற் எடுக்கும் கரண்ட் பியூஸால் ஏறாது, ஆகவே சத்தமும் ஏறாது. டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் ஓடும் அந்த மெல்லிய வயர் 30 அம்பியரைத் தாங்காது. எங்கேயாவது உரசி எர்த் ஆனால் பியூஸ் போக முன்னர் வயர் தீப்பிடிக்கும். ஹயஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறீர்கள் என்றால் இன்னும் மோசம்.

சாவகச்சேரி: பூட்டித் தந்தவர் அப்படித்தான் போட்டார்.

யார் போட்டாலும் பிழை பிழைதான். செற்றின் புத்தகத்தில் சொன்ன அளவைப் போடுங்கள்.

நல்லூர்: சரி, எனக்கு என்ன வழி?

செற்றின் அமைப்பில் ஹை பாஸ் என்பதை 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். கதவு ஸ்பீக்கருக்கு ஆழமான பேஸ் போகாது, கரகரப்புப் பெரும்பாலும் அடங்கும். அதுவும் போதாவிட்டால் நான்கு சானல் அம்ப்.

கோண்டாவில், அக்குவா: அம்புக்குக் கரண்ட் எங்கே எடுப்பது?

12 வோல்ட் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அதிலிருந்து நேராக எடுங்கள். பிளஸிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் வர வேண்டும். காரை ஓட்டும் ஹைபிரிட் பற்றரியும் அதே பக்கம்தான். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடவே கூடாது. வயர் வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. அதை வாங்கினால் ஒரு அளவு தடிப்பானதாக வாங்குங்கள். அப்புறம், காரை நிறுத்திவைத்துப் பாட்டுக் கேட்பதாக இருந்தால் ரெடி நிலையில் வைத்துக் கேளுங்கள். அந்தச் சின்னப் பற்றரி இறங்கினால் கார் கிளம்பாது.

உரும்பிராய், பிரிமியோ: நிறம் பார்த்துச் சேர்த்தால்...

கொக்குவில் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள். மீற்றர்.

இணுவில், ஓல்ரோ: அக்சிலேற்றரை அமத்தினால் ஸ்பீக்கரில் கீச்சென்ற சத்தம் ஏறுகிறது.

எர்த் சரியில்லை, அல்லது செற்றிலிருந்து அம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர் கரண்ட் வயரோடு ஒட்டி ஓடுகிறது. கரண்டை ஒரு பக்கத்தாலும் ஆர்சிஏயை மறுபக்கத்தாலும் கொண்டுபோங்கள். அம்பின் எர்த் வயரைக் கட்டையாக வைத்து, பெயின்றைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்குங்கள்.

திருநெல்வேலி, விட்ஸ்: கதவு அதிர்கிறது. கூரைக்கு ஒட்டும் தார்ச் சீற்றை உள்ளே ஒட்டலாமா அண்ணை?

வேண்டாம் அக்கா. சித்திரை வெயிலில் அது இளகி வழியும், காருக்குள் தார் மணக்கும். பியூற்றைல் சீற் என்று கேட்டு வாங்குங்கள். கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள்.

அரியாலை: ரிவர்ஸ் கமரா பூட்டுவது எப்படி?

அது வேறு வேலை. தனியாக ஒரு நாள் பார்ப்போம்.

காரைநகர், அக்சியோ: ஆறு மாதத்தில் செற் விட்டுவிட்டு வேலை செய்கிறது. பூட்டும்போது நன்றாக இருந்தது.

உப்புக் காற்று. எர்த் முனை பச்சை பிடித்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். வயர்களை முறுக்கி ரேப் சுற்றியிருந்தால் அதையும் பிரித்து, ஈயம் ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். மைனஸைக் கழற்றிவிட்டு.