வாயைக் கட்டினால் கடன் தீருமா?

கேள்வி: கடனில் மூழ்கிய நாட்டுக்கு உதவும்போது ‘செலவைக் குறை’ என்று ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) நிபந்தனை போடுவதில் என்ன தப்பு? வீட்டில் கடன் ஏறினால் நாமும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தானே அடைக்கிறோம்?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: நீங்கள் வாயைக் கட்டினால் உங்கள் சம்பளம் குறையாது, ஐயா. நாட்டுக்குக் குறையும். நீங்கள் ஒருவர் ஹோட்டலுக்குப் போவதை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. ஊரே நிறுத்தினால் ஹோட்டலை மூடுவார்கள், சர்வருக்கு வேலை போகும், முதலாளி கட்டிவந்த வரியும் நின்றுவிடும். எந்த வரியை நம்பிக் கடனை அடைக்கக் கிளம்பினார்களோ, அதுவே வற்றிவிடும்.

கிரீஸைப் பாருங்கள். அந்த நாட்டின் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைத்துக் காட்டிய அரசு அது. 2010 மே மாதம் ஐரோப்பிய நாடுகளும் ஐ.எம்.எஃப்.பும் சேர்ந்து 11,000 கோடி யூரோ தர ஒப்புக்கொண்டன. அந்தப் பணத்தின் பெரும்பகுதி பழைய கடனுக்கும் வட்டிக்குமே போனது. மக்களுக்கு வந்தது வெட்டுதான். பென்ஷன் குறைந்தது. 2012-ல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 751 யூரோவிலிருந்து 586 ஆனது. அதே வருடம் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு வரியை ஏற்றினார்கள். வரி கொட்டியதா? இல்லை, ஜனங்கள் எண்ணெய் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் வீடுகளில் விறகு எரிந்தது, வார்னிஷ் பூசிய பழைய மரச்சாமான்களும் எரிந்தன. ராத்திரியானால் நகரத்தின் மேல் புகை கவிந்துகொண்டது.

2013-ல் வேலை தேடியவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு வேலை இல்லை. பொருளாதாரம் கால்வாசி சுருங்கிப்போனது. சரி, கடனாவது குறைந்ததா? 2009-ல் நாட்டின் ஆண்டு உற்பத்தியில் சுமார் 127 சதவீதமாக இருந்த கடன், 2014-ல் 180 சதவீதத்தை ஒட்டி நின்றது. இடையில் 2012-ல் தனியாருக்கு அரசு தர வேண்டிய கடனில் பாதிக்கு மேல் தள்ளுபடி செய்த பிறகும் இந்த நிலை! வீழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம், கடன் தள்ளுபடியை முன்பே செய்திருக்கலாம் என்று 2013-ல் ஐ.எம்.எஃப். அறிக்கையே ஒப்புக்கொண்டது.

வரி ஏய்ப்பை அடைக்கட்டும், வீண் செலவை நிறுத்தட்டும். அதில் உங்கள் கட்சிதான் நானும். ஆனால் கடனை முதலில் வெட்டிவிட்டு, அப்புறம் சிக்கனத்தைக் கேட்க வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. 1953-ல் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் கடனில் ஏறக்குறைய பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். மீதியை ஏற்றுமதியில் சம்பாதித்து நிதானமாகக் கட்டச் சொன்னார்கள். அப்படி விட்டுக்கொடுத்த நாடுகளில் கிரீஸும் ஒன்று.