ஏசி சர்வீஸுக்குச் செலவு செய்வதா, போனால் புதிது வாங்குவதா?

கேள்வி: கீழக்கரையில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். நானும் மாமியும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறோம். 1.5 டன் ஏசி இரண்டு உண்டு. ஒன்று வாங்கி நாலு வருடம் ஆகிறது, இன்னொன்று போன வருடம் வாங்கியது. வருடத்தில் எட்டு மாதம், ராத்திரி பத்து மணி நேரம் ஓடும். பழையது இந்தக் கோடையில் குளிரவில்லை. மெக்கானிக் வந்து, "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று 3,500 ரூபாய்க்கு ஏற்றினார். இரண்டே மாதத்தில் மறுபடியும் அதே கதை, மறுபடியும் 3,500. இப்போது கம்பெனி ஆள் ஒருவர், இரண்டு ஏசிக்கும் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டால் வருடத்துக்கு 9,800 என்கிறார். உள்ளூர் மெக்கானிக் ஒரு வெட் சர்வீஸுக்கு (தண்ணீர் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்வதற்கு) 600 கேட்கிறார். என் தம்பியோ, "ஒரு பைசா செலவு பண்ணாதே. ஓடுற வரை ஓட்டு, போனா 40,000-க்குப் புதுசு வாங்கிக்கலாம். அந்தக் காசை நகைச் சீட்டில் போடு" என்கிறான். பக்கத்து வீட்டில் அப்படித்தான் விட்டார்கள், அஞ்சு வருடத்தில் ஏசி போய்விட்டது. எது லாபம்? நாங்கள் வட்டி வாங்குவதில்லை, அதை வைத்துச் சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, முதலில் அந்த 7,000 ரூபாயைப் பற்றிப் பேசிவிடுவோம். சர்வீஸா புதிதா என்பது அதற்கு அப்புறம்.

ஏசியில் உள்ள கேஸ், அடுப்பு கேஸ் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வந்து, அறையின் சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. குழாயில் ஓட்டை இல்லையென்றால் பத்து வருடமானாலும் குறையாது. குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் கேஸ் ஏற்றியது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான், அதற்கு இரண்டு முறை காசும் கொடுத்திருக்கிறீர்கள். மூன்றாவது முறை சம்மதிக்காதீர்கள். நைட்ரஜன் அடைத்து பிரஷர் டெஸ்ட் செய்து, சோப்பு நுரை தடவி, குமிழி வரும் இடத்தை உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள். குழாய் இணைப்பு நட்டில் கசிந்தால் சின்ன வேலை. வெளி யூனிட்டின் காயிலிலேயே (கேஸ் சுற்றி வரும் வளைந்த குழாய்த் தொகுப்பிலேயே) ஓட்டை என்றால் பெரிய வேலை. கீழக்கரையில் நாலு வருட ஏசி என்பதால் எனக்கு இரண்டாவதுதான் சந்தேகம்.

காரணம் உப்பு. வெளி யூனிட்டில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் ஒட்டி இருக்கும். இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும், நாளடைவில் குழாயிலும் ஓட்டை விழலாம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் உங்கள் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரைத் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அதே உப்புதான் தகடுகளுக்கு நடுவிலும் படிகிறது. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914-ல் திறந்தது. அத்தனை வருடம் அது நின்றதற்கு, துருவைச் சுரண்டிச் சுரண்டி பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்ததும் ஒரு காரணம். பாலத்துக்கு ரயில்வே இருந்தது, ஏசிக்கு நீங்கள்தான்.

மண்டபத்தில் என் அம்மா வீட்டு ஏசியை மூன்று வருடம் நான் கண்டுகொள்ளவே இல்லை. ஊராருக்குக் கணக்குச் சொல்கிறவன் வீட்டு லட்சணம் அது. ஒருநாள் வெளி யூனிட்டில் கை வைத்தேன், தகடு அப்பளம் மாதிரி நொறுங்கி விரலோடு வந்தது. தாங்கி நின்ற இரும்பு ஸ்டாண்டும் பாதி துரு. கீழே பிள்ளைகள் விளையாடுகிற முற்றம். ஆகையால் நான் சொல்வதில் கொஞ்சம் சூடுபட்ட பூனையின் பயமும் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். குளிர் நாடுகளில் இதே இயந்திரத்தைத் திருப்பி ஓட்டி வீட்டைச் சூடாக்குகிறார்கள், அதற்கு ஹீட் பம்ப் என்று பெயர். நன்றாகப் பராமரித்த ஹீட் பம்புக்கும் அடியோடு கவனிக்காமல் விட்டதற்கும் மின்செலவில் 10 முதல் 25 சதவீதம் வரை வித்தியாசம் வரும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. நம் ஏசிக்குக் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம், 10 சதவீதம்.

உங்கள் ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. ஆயிரம் யூனிட் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் ஓட்டுவது சுமார் 2,400 மணி நேரம், ஆக 1,500 யூனிட். அதில் 10 சதவீதம் 150 யூனிட். நம் ஊரில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் விலை சட்டென்று ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். வீணாகும் யூனிட் எல்லாம் அந்தக் கடைசி அடுக்கில்தான் போய் விழும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டால் 1,200 ரூபாய். வருடத்துக்கு இரண்டு வெட் சர்வீஸ், அதுவும் 1,200. வரவுக்கும் செலவுக்கும் சரி. ஆக, கரண்ட் மிச்சத்தை மட்டும் காட்டி ஒருவர் சர்வீஸை விற்றால், பெரிய லாபம் என்று நம்பிவிட வேண்டாம்.

லாபம் இருப்பது ஆயுளில். 40,000 ரூபாய் ஏசி பக்கத்து வீட்டைப் போல அஞ்சு வருடத்தில் போனால், வருடத்துக்கு 8,000 ரூபாய் கரைகிறது. எட்டு வருடம் இழுத்தால் 5,000. வித்தியாசம் ஒரு ஏசிக்கு வருடம் 3,000. எட்டு வருடம் நிச்சயம் என்று எழுதித் தர முடியாது, ஏழே ஓடினாலும் வருடத்துக்கு 2,300 பக்கம் மிச்சம். தம்பி இந்தத் தேய்மானத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சர்வீஸுக்குக் கொடுக்கும் 1,200 அவர் கண்ணுக்குத் தெரிகிறது. சொல்லாமல் கொள்ளாமல் கரையும் 8,000 தெரியவில்லை. நகைச் சீட்டைப் பற்றி எனக்கு வேறு வருத்தங்கள் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். இங்கே ஒன்று மட்டும்: சித்திரை வெயிலில் ஏசி நின்றால் சீட்டு முதிர்கிற வரை காத்திருக்க முடியாது, முதிர்ந்தாலும் கையில் வருவது நகை.

ஏஎம்சிக்கு என் பதில், வேண்டாம். போன வருடம் வாங்கிய ஏசிக்கு வாரண்டி இன்னும் இருந்தால் ஏன் இன்னொரு காப்பு? பழையதை, கசிவோடு இருக்கும் நிலையில், ஒப்பந்தத்தில் சேர்ப்பார்களா என்பதே சந்தேகம், முதலில் சரிசெய்யச் சொல்வார்கள். அதைவிட முக்கியம், ஒப்பந்தத் தாளில் எதெல்லாம் சேராது என்று பொடி எழுத்தில் இருக்கும் பகுதி. துரு, அரிப்பு, கடற்காற்றால் வரும் சேதம் சேராது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். கீழக்கரையில் ஏசியைக் கொல்வதே அதுதான். பிறகு எதற்கு 9,800? அந்த ஆள் மறுபடி வந்தால் கேட்க ஒரே கேள்வி போதும்: "காயில் உப்பில் அரித்து ஓட்டையானால் இலவசமாக மாற்றுவீர்களா, அதை எழுதித் தருவீர்களா?" எழுதித் தந்தால் நான் சொன்னதை மறந்துவிட்டுப் பழைய ஏசிக்கு மட்டும் விலை கேளுங்கள்.

இரண்டு சர்வீஸில் ஒன்று வெயில் ஏறும் முன், மாசி வாக்கில். இன்னொன்று கச்சான் ஓய்ந்து வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன். நடுவில் மாதம் ஒருமுறை நீங்களே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, காசில்லாத வேலை. ஏசியின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெளி யூனிட்டின் தகடுகள் மேல் மெதுவாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. மின்சாரப் பெட்டி இருக்கும் பக்கம் தண்ணீர் போகக்கூடாது, பிரஷரில் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள், பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கத்தில் நிறைய போர் தண்ணீர் உவர். அந்தத் தண்ணீரைக் கொண்டு உப்பைக் கழுவுகிற மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். காயில் காய்ந்ததும் வெள்ளை பூத்து நிற்கும். காவிரித் தண்ணீரை இதற்குச் செலவழிக்க மாமிக்கு மனசு வராது, நியாயம்தான். ஏசியின் டிரெய்ன் பைப்பில் சொட்டுகிற தண்ணீர் இருக்கிறதே, அது காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவது, அதில் உப்பு கிடையாது. ராத்திரி ஒரு வாளியை வைத்துப் பிடித்தால் காலையில் கழுவத் தண்ணீர் தயார். சர்வீஸுக்கு வருகிறவரிடமும் அதையே கொடுங்கள்.

பணத்துக்கு இப்படிச் செய்யுங்கள். இரண்டு ஏசிக்கும் சர்வீஸ் வருடத்துக்கு 2,400. புதிது வாங்க, எட்டு வருடக் கணக்கில், ஏசிக்கு மாதம் 417, இரண்டுக்கும் சுமார் 835. எல்லாம் சேர்த்து மாதம் 1,050 பக்கம் வரும். 1,100 என்று வைத்து, வீட்டுக்காரர் பணம் அனுப்பும் அன்றே தனியாக எடுத்துவிடுங்கள். வட்டியில்லாத கரண்ட் அக்கவுண்ட்டோ பீரோவில் ஒரு கவரோ, உங்கள் வசதி. இந்தப் பணம் வளர வேண்டியதில்லை, கேட்கும்போது இருந்தால் போதும்.

கடைசியாகப் பழைய ஏசி. டெஸ்டுக்கு முன் வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள். கம்ப்ரஸருக்கு மட்டும்தான் நீண்ட வாரண்டி என்று பலர் நினைக்கிறார்கள், சில மாடல்களுக்குக் காயிலுக்கும் அஞ்சு வருடம் உண்டு. அதிலும் அரிப்பு சேராது என்று இருக்கலாம், வாசித்துப் பாருங்கள். வாரண்டி இல்லை, காயில் மாற்ற, பேச்சுக்கு, 11,000 கேட்கிறார்கள் என்று வைப்போம். மாற்றினால் இன்னும் மூன்று வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 3,700 பக்கம், புதிதின் 5,000-ஐ விடக் குறைவு. மாற்றலாம். 16,000 கேட்டால் வருடத்துக்கு 5,300-ஐத் தாண்டும், அப்போது தம்பி சொல்வதே சரி, புதிது வாங்குங்கள். வாங்கினால் வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் வைக்காமல், காற்று மறைவான பக்கம் வைக்கச் சொல்லுங்கள். குழாய் நீளத்துக்குக் கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுக்கலாம்.

டெஸ்ட் முடிந்ததும் கசிவு எங்கே, என்ன விலை சொன்னார்கள் என்று எழுதுங்கள். 11,000-க்குப் பதில் உண்மையான எண்ணை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.