முதல் வருஷம் பயாலஜியே கிடையாதாமே!

"சார், பயாலஜி படிக்கப் போகிற பிள்ளைக்கு முதல் வருஷம் பயாலஜியே கிடையாதாம். இது எந்த ஊர் நியாயம்?" என்றுதான் உங்கள் கடிதம் தொடங்குகிறது. படித்ததும் சிரித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினொன்றாம் வகுப்பிலேயே தாவரவியலும் விலங்கியலுமாகப் பிரித்துப் படித்து வந்த நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை ஓடுகிறது போலிருக்கிறது. அமெரிக்காவில், மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உங்கள் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவளுக்கு 'பயோகோர்' என்கிற ஆனர்ஸ் பயாலஜியில் சேர ஆசை. அவள் அப்பாவோ, ஏபி பயாலஜியில் (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரப் பரீட்சை) உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கியவள் அறிமுகப் பாடத்தை மறுபடி எதற்குப் படிக்க வேண்டும், தாண்டிப் போகட்டும் என்கிறார். டெக்சாஸில் இருக்கும் உங்கள் தம்பி, ஆனர்ஸ் எடுத்தால் கிரேடு அடிவாங்கும், அப்புறம் மெடிக்கல் காலேஜை மறந்துவிடு என்று பயமுறுத்தியிருக்கிறார். நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் 'ஆனர்ஸ்' என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம், பாதிக் குழப்பம் அங்கேதான். டில்லியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் என்றால் அது பட்டத்தின் பெயர். அமெரிக்காவில் அதே சொல் ஒரு தனிக் கல்லூரியைக் குறிக்கலாம், பட்டத்தோடு சேரும் ஒரு சிறப்பைக் குறிக்கலாம், வெறும் ஒரே ஒரு பாடத்தின் கனமான வடிவத்தையும் குறிக்கலாம். பயோகோர் கடைசி வகை. மூன்று செமஸ்டர் தொடராக வரும் ஆனர்ஸ் பாடங்கள் அவை. பரிணாமம், சூழலியல், மரபியல் மூன்றும் சேர்ந்து முதல் செமஸ்டர். அடுத்தது செல் உயிரியல். மூன்றாவது உடலியங்கியல். ஆனர்ஸ் புரோகிராமில் இல்லாத மாணவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

வழக்கமாக இது இரண்டாம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில்தான் தொடங்கும். அதற்குள் பொது கெமிஸ்ட்ரியை முடித்திருக்க வேண்டும். உங்கள் "முதல் வருஷம் பயாலஜி இல்லை" என்ற புகாருக்குக் காரணம் இதுதான். செல்லுக்குள் நடப்பதெல்லாம் கெமிஸ்ட்ரி. ஹைட்ரஜன் பிணைப்பு என்னவென்று தெரியாதவரிடம் டிஎன்ஏவின் இரு இழைகள் ஏன் பிரிந்து சேருகின்றன என்று பேசினால், அவர் அதை மனப்பாடம் செய்வார், அவ்வளவுதான். எனவே முதல் வருடம் வீணாகவில்லை. அங்கே கெமிஸ்ட்ரியை 103, 104 என்று இரண்டு செமஸ்டராகவும் எடுக்கலாம், 109 என்று ஒரே செமஸ்டரில் வேகமாகவும் முடிக்கலாம். பள்ளியில் கெமிஸ்ட்ரி நன்றாக வந்திருந்தால் 109 போதும்.

இரண்டாம் ஆண்டில் ஆரம்பித்தால் மெடிக்கல் காலேஜில் சேர எழுதும் எம்கேட் பரீட்சைக்குத் தாமதமாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. மூன்றாம் ஆண்டு டிசம்பரில் உடலியங்கியல் முடிகிறது. அடுத்த வசந்தத்தில் பரீட்சை எழுதலாம்.

சரி, இந்தப் பாடத்தில் அப்படி என்ன வேறு? ஒரு உதாரணம் சொல்கிறேன். அதே மேடிசன் வளாகத்தில் நடந்த ஆராய்ச்சி என்பதால் இதை எடுத்துக்கொள்கிறேன். உயிர்வேதியியல் விஞ்ஞானி ஹர் கோவிந்த் குரானா 1960 முதல் 1970 வரை அங்கேதான் வேலை பார்த்தார், 1968-இல் நோபல் பரிசு வந்தபோதும் அங்கேதான் இருந்தார். மரபுக் குறியீடு மூன்றெழுத்துச் சொற்களால் ஆனது, ஒவ்வொரு சொல்லும் புரதத்தில் சேரும் ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்பதை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிடுகிறார்கள். 'மும்மைக் குறியீடு' என்று எழுதினால் முழு மதிப்பெண்.

குரானாவின் குழு யு, சி என்ற இரண்டு எழுத்துகள் மாறி மாறி வரும் ஒரு நீளமான ஆர்என்ஏவைச் செய்தது: யுசியுசியுசி என்று போய்க்கொண்டே இருக்கும். அதிலிருந்து வந்த புரதத்தில் செரின், லியூசின், செரின், லியூசின் என்று இரண்டு அமினோ அமிலங்கள் மாறி மாறி வந்தன. இந்த முடிவைக் கையில் கொடுத்துவிட்டு, குறியீடு இரண்டெழுத்தாக இருந்திருந்தால் என்ன வந்திருக்கும், நான்காக இருந்தால் என்ன வரும் என்று கேட்டால்? பென்சிலை எடுத்து எழுதிப் பார்த்தால் தெரியும், இரண்டானாலும் நான்கானாலும் ஒரே அமினோ அமிலம்தான் திரும்பத் திரும்ப வரும். ஆக, குறியீட்டின் நீளம் ஒற்றைப்படை எண். ஆனால் ஐந்தெழுத்தாக இருந்தாலும் இதே மாதிரி மாறி மாறித்தானே வரும்? அப்படியானால் மூன்றா ஐந்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யுயுசி யுயுசி என்று மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிற ஆர்என்ஏவைச் செய்து பார்க்க வேண்டும். குறியீடு மூன்றெழுத்து என்றால் ஒவ்வொரு புரதச் சங்கிலியிலும் ஒரே அமினோ அமிலம் மட்டும் இருக்கும். ஐந்து என்றால் மூன்று அமினோ அமிலங்கள் சுற்றிச் சுற்றி வரும்.

இது அவர்களுடைய வினாத்தாளில் இருந்து எடுத்ததல்ல, நானாகச் செய்தது. ஆனால் நல்ல ஆனர்ஸ் அறிமுகப் பாடத்தின் கேள்விகள் இந்த வகையில்தான் இருக்கும். இன்றிரவு சாப்பாட்டு மேசையில் இதை மகளிடம் கேட்டுப் பாருங்கள். சரியான விடை வராவிட்டால் பரவாயில்லை. "இரு, பேப்பர் கொண்டு வருகிறேன்" என்று எழுந்து போகிறாளா, "இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்று கேட்கிறாளா, அதை மட்டும் கவனியுங்கள். எனக்கு அது எந்த மதிப்பெண் பட்டியலையும் விட அதிகம் சொல்லும்.

இன்னொரு வித்தியாசம் லேப். பயோகோர் மாணவர்களுக்கு வளாகத்துக்குள்ளேயே, பிக்னிக் பாயின்ட் பக்கத்தில், 'பயோகோர் பிரெய்ரி' என்று மீட்டெடுத்த புல்வெளி ஒன்று இருக்கிறது. அங்கே போய், கேள்வியைத் தாங்களே எழுப்பி, சோதனையைத் தாங்களே வடிவமைத்து, குழுவாகச் செய்து, ஆராய்ச்சிக் கட்டுரை போலவே எழுத வேண்டும். எழுதியதைச் சக மாணவர்கள் படித்துக் குறை சொல்வார்கள், திருத்தி மறுபடி எழுத வேண்டும். சோதனை 'சரியாக வரவில்லை' என்றாலும் கிரேடு போய்விடாது. ஏன் வரவில்லை என்று எழுதத் தெரிய வேண்டும். ரெக்கார்டு நோட்டை சீனியரிடம் வாங்கிக் காப்பியடித்த தலைமுறை நாம் (நான் அடித்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்). அதனால் இதன் அருமை நமக்குச் சட்டென்று புரியாது.

இப்போது அவள் அப்பாவின் வாதத்துக்கு வருகிறேன். அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் அதே தவறை நானே செய்தவன். என் மகன் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, ஏபி 5 இருக்கிறதே, ஒரு செமஸ்டர் பணம் மிச்சம் என்று சொல்லி அறிமுகப் பயாலஜியைத் தாண்ட வைத்தவன் நான்தான். நேராக மரபியல் வகுப்பில் போய் உட்கார்ந்தான். முதல் மிட்டெர்மில் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. பாடம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. வரைபடத்தைப் பார்த்து முடிவு சொல்லும் பழக்கத்தை மற்றவர்கள் அறிமுகப் பாடத்தில் பெற்றிருந்தார்கள், இவன் பெறவில்லை. மிச்சம் பிடித்த பணத்தை டியூஷனுக்குக் கொடுத்தோம். தவிர, பல மெடிக்கல் காலேஜ்கள் பயாலஜிக்கு ஏபி கிரெடிட்டை ஏற்பதில்லை. ஏற்கிறவையும் அதற்கு ஈடாக மேல்நிலைப் பாடங்களை எதிர்பார்ப்பது வழக்கம்.

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மெடிக்கல் காலேஜ் விண்ணப்பங்களை வாங்கும் ஏஎம்சிஏஎஸ் அமைப்பு, பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதம் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) கணக்கிடும். ஆனர்ஸ் என்பதற்காக அதில் கூடுதல் மதிப்பு கிடையாது. ஆனர்ஸில் வாங்கும் பி-யும் சாதாரண வகுப்பில் வாங்கும் பி-யும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். பள்ளியில் கடினமான பாடங்களுக்குக் கூடுதல் மதிப்பு தரும் 'வெயிட்டட் ஜிபிஏ' பார்த்துப் பழகிய பெற்றோர் இதைக் கேட்டு அதிர்ந்துபோவார்கள். ஆகவே பெயருக்காக, மாமா பையன் எடுத்தான் என்பதற்காக, ஆனர்ஸ் எடுக்க வேண்டாம்.

மற்ற பாதியை அவர் சொல்லவில்லை. எம்கேட்டில் மொத்தம் 230 கேள்விகள். அறிவியல் பகுதி ஒவ்வொன்றிலும் 59, அதில் 44 கேள்விகள் ஒரு பத்தியைக் கொடுத்து, பெரும்பாலும் ஏதாவது சோதனையையோ வரைபடத்தையோ காட்டி, அதிலிருந்து கேட்பவை. பயோகோர் மாதிரிப் பாடம் மூன்று செமஸ்டர் செய்யும் பயிற்சியே அதுதான். அப்புறம் பரிந்துரைக் கடிதம். நூற்றுக்கணக்கான பேர் உட்காரும் அரங்கில் பேராசிரியருக்கு உங்கள் பெண்ணின் முகம்கூடத் தெரியாமல் போகலாம். மூன்று செமஸ்டர் ஒரே சிறிய கூட்டத்தோடு லேபில் நின்றவளைப் பற்றி எழுத அவருக்கு விஷயம் இருக்கும். இதற்காக மற்ற வழியைக் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே 151, 152 என்ற வழக்கமான அறிமுகப் பாடங்களும் நல்லவையே, 152-இல் தனி ஆய்வுத் திட்டமும் உண்டு.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பற்றி உங்கள் வீட்டில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில் பயோகோரோடு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் சேர்ந்து வரும். இரண்டும் வாரம் முழுவதையும் தின்றுவிடும். அந்த வருடம் பிசிக்ஸையும் சேர்க்க வேண்டாம். இரண்டாவது மேஜர், மருத்துவமனைத் தன்னார்வம், பரதநாட்டிய அரங்கேற்றம் எல்லாவற்றையும் அதே வருடத்தில் வைக்கவும் வேண்டாம். பிசிக்ஸ் மூன்றாம் ஆண்டில் காத்திருக்கும். மேடிசனில் ஏ-க்கும் பி-க்கும் நடுவே 'ஏபி' என்று ஒரு கிரேடு உண்டு, மதிப்பு 3.5. பள்ளிப் பரீட்சையின் ஏபியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓரிரண்டு ஏபி வந்தால் வானம் இடிந்துவிடாது. முதல் பரீட்சையில் சறுக்கினால் மறுநாளே பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸுக்கு (மாணவர்கள் நேரில் போய்ச் சந்தேகம் கேட்கும் நேரம்) போகச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் வெட்கப்பட்டு நான்காவது வாரம் வரை தள்ளிப்போடுகிறார்கள், அப்போது பாடம் எங்கேயோ போயிருக்கும்.

குழுவாக வேலை செய்வது அவளுக்கு அறவே பிடிக்காது என்றால், எழுதுவது பெரும் பாடு என்றால், நான் வேண்டாம் என்பேன். மற்றபடி விண்ணப்பிக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அவள் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து வரும் எச்-4 விசாவில் இருக்கிறாளா, கிரீன் கார்டு வந்துவிட்டதா? எச்-4 என்றால் 21 வயதில் அது முடிந்துவிடும். அதோடு, அமெரிக்காவின் பல மெடிக்கல் காலேஜ்கள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே எடுக்கின்றன. ஆனர்ஸா இல்லையா என்பதைவிட இது பத்து மடங்கு பெரிய கேள்வி. ஒரு வரி எழுதிப் போடுங்கள். அது தெரியாமல் மெடிக்கல் காலேஜ் பற்றி இதற்கு மேல் நான் ஏதாவது சொன்னால் அது வெறும் ஆறுதல்தான்.

கோடையில் ஓரியண்டேஷனுக்குப் போவீர்கள். 'சோர்' என்று அதற்குப் பெயர், சோறும் போடுவார்கள். பெற்றோருக்கு அங்கே தனி நிகழ்ச்சி, மாணவர் தன் அட்வைசரோடு உட்கார்ந்து பாடங்களைப் பதிவு செய்வார். பயோகோருக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், 109-ஆ 103-ஆ, இந்த இரண்டையும் அவள் வாயாலேயே அங்கே கேட்கட்டும். நீங்கள் கதவுக்கு வெளியே இருங்கள்.