நியூமன் கோட்பாட்டின் மூன்று தடுப்பு நிலைகள் சமூக நலப் பாடத்தில் படித்தவைதாமா?

முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலைத் தடுப்பு என்பவை சமூக நலச் செவிலியப் பாடத்தில் ஏற்கெனவே படித்தவைதாமே, அமெரிக்கச் செவிலியக் கோட்பாட்டாளர் பெட்டி நியூமன் புதிதாக என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். செவிலியப் பாடம் நடத்துபவன் என்ற முறையில், பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது என்பேன்.

பெயர்கள் ஒன்றே, அளவுகோல் வேறு. நீங்கள் பாடத்தில் படித்தது லீவெல், கிளார்க் என்ற பொது நல மருத்துவர்கள் இருவரின் பகுப்பு; அது நோயின் போக்கைப் பின்பற்றுவது. நியூமன் 1970-இல் கலிஃபோர்னியாவில் மாணவர்களுக்காக உருவாக்கி 1972-இல் வெளியிட்ட மாதிரி, மனிதரைச் சூழ்ந்த பாதுகாப்புக் கோடுகளிலிருந்து தொடங்குகிறது. வெளிப்புறத்தில் உள்ள நெகிழ்வான கோடு, தூக்கம் கெட்டாலும் உணவு குறைந்தாலும் சுருங்கிவிடும். அதற்குள் அந்த மனிதரின் வழக்கமான நலநிலையைக் குறிக்கும் இயல்பான கோடும், அதற்கும் உள்ளே, உடலின் உட்கருவைக் காக்கும் எதிர்ப்புக் கோடுகளும் இருக்கின்றன. அழுத்தக் காரணி, அதாவது மனிதரின் சமநிலையைக் குலைக்கக்கூடிய எதுவும், இயல்பான கோட்டைத் தாண்டுமுன் செய்வது முதல்நிலை. தாண்டி அறிகுறி தோன்றியபின் எதிர்ப்புக் கோடுகளுக்கு வலுவூட்டுவது இரண்டாம்நிலை. சிகிச்சைக்குப்பின் மீண்ட நிலையைக் காப்பது மூன்றாம்நிலை.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி மங்கி, செருப்பு உரசிய இடத்தில் புண் வந்த ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், அந்த இடத்தில் உடல் எடை அழுந்தாமல் பார்த்துக்கொள்வதும் இரண்டாம்நிலை. அதே நாளில், இன்னும் புண் இல்லாத மறுகாலைப் பத்து கிராம் மோனோஃபிலமென்ட்டால் (உணர்ச்சியைச் சோதிக்கும் மெல்லிய நைலான் இழை) தொட்டுப் பார்த்து, விரலிடுக்குகளைத் தினமும் கவனிக்கக் கற்றுத் தந்தால் அது புதிய புண்ணுக்கு எதிரான முதல்நிலைப் பணி. நோயை மட்டும் வைத்துப் பார்த்தால் "நீரிழிவு வந்தாயிற்று, இனி முதல்நிலைக்கு இடமேது" என்று தோன்றும். நியூமன் வழியில் ஒரே நோயாளியிடம் ஒரே வேளையில் இரு நிலைகளும் நடக்கலாம்.

புண் ஆறியதும் பொறுப்பு முடிந்துவிடாது. ஆறிய பாதப்புண் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்குத் திரும்பி வருகிறது. அதனால்தான் நியூமன் மூன்றாம்நிலையை முதல்நிலையை நோக்கித் திரும்பும் வட்டமாக வைத்தார். இந்த மாதிரியில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். வெளியே போக அந்தப் பெண்மணிக்கு அச்சமா, புதுச் செருப்பு வாங்க வீட்டில் பணம் தருவார்களா என்பனவும் இங்கே கணக்கில் வரும். உடல், மனம், சமூகப் பண்பாடு, வளர்ச்சி, ஆன்மிகம் ஆகிய ஐந்து கூறுகளையும் அவர் சேர்த்தே பார்க்கிறார்.

பராமரிப்புத் திட்டம் எழுதும்போது எந்த அழுத்தக் காரணி எந்தக் கோடு வரை வந்திருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். நிலையின் பெயரை அதன் பிறகு இடுங்கள்.