பிரதிவாதி வராவிட்டால் பணம் வந்துவிடுமா?

கேள்வி: புரோநோட்டு வாங்கிக்கொண்டு 4 லட்சம் ரூபாய் கடன் கொடுத்தேன். வழக்குப் போட்டு 2 வாய்தா ஆகியும் பிரதிவாதி வரவில்லை. “15,000 கொடுங்கள், சம்மன் வேலையை முடித்து எக்ஸ்பார்ட்டி டிகிரி (எதிராளி வராமலேயே கிடைக்கும் தீர்ப்பாணை) வாங்கித் தருகிறேன்” என்கிறார் கோர்ட் வாசலில் பழக்கமான ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எக்ஸ்பார்ட்டி ஆவது வேறு, டிகிரி ஆவது வேறு. பிரதிவாதி வரவில்லை என்று பதிவான பிறகும் உங்கள் வழக்கை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபண வாக்குமூலமும் (எழுத்தில் தரும் உங்கள் சாட்சியம்) அசல் புரோநோட்டும் தாக்கலாக வேண்டும். புரோநோட்டில் ஸ்டாம்பு இல்லாவிட்டாலோ, வழக்குப் போடுவதற்கான 3 வருடக் காலக்கெடு தாண்டியிருந்தாலோ, எதிரே யாரும் இல்லாமலேயே வழக்கு தள்ளுபடியாகலாம்.

அதற்கெல்லாம் முன்னால், சம்மன் உண்மையிலேயே சார்பாகியிருக்கிறதா, அதாவது பிரதிவாதிக்கு முறையாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் கட்டளை 6ஆம் விதி முதலில் கேட்பது அதைத்தான். வீட்டில் இருக்கும் வயதுவந்த குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு வாங்கினால் செல்லும். வேலைக்காரர் வாங்கினால் செல்லாது. தபாலில் போன சம்மன் ‘வாங்க மறுத்தார்’ என்று திரும்பினால் கோர்ட் அதைச் சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளலாம். ‘கதவு பூட்டியிருந்தது’ என்று திரும்பினால் அப்படி எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது.

கதவில் ஒட்டும் விஷயத்தில்தான் மோசடி நடக்கிறது. ஆள் கையெழுத்துப் போட மறுத்தாலோ, அமீனா (சம்மன் கொண்டுபோகும் கோர்ட் ஊழியர்) தகுந்த முயற்சி எடுத்துத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை, சீக்கிரம் கிடைக்கும் வாய்ப்பும் இல்லை என்றாலோதான் ஒட்டலாம். எந்த நிலைமையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்று பெயர், விலாசத்தோடு அறிக்கை எழுத வேண்டும். அந்தத் தாளை வக்கீலிடம் வாங்கி உங்கள் கண்ணால் படியுங்கள். ‘ஒட்டப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது என்றால், மறு சம்மனுக்குப் பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டச் சொல்லுங்கள். அதற்கு இன்னும் ஒரு வாய்தா போகும். ஒரு தாளை நாலு தெரு தள்ளிக் கொண்டுபோய்க் கொடுக்க மாதக்கணக்கில் ஆகும் அவலத்தால்தான் வாசலில் நிற்கும் ஆட்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. ஆனாலும் அந்த வாய்தா வீண் இல்லை.

ஏனென்றால், டிகிரியை ரத்து செய்யக் கோர பிரதிவாதிக்கு 30 நாள்தான் அவகாசம் என்றாலும், சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் அந்த 30 நாள் அவருக்கு டிகிரி பற்றித் தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். பழைய விலாசத்தில் ஒட்டி வாங்கிய டிகிரியை வைத்து 5 வருடம் கழித்து ஜப்திக்குப் போவீர்கள். மறுநாளே ரத்து மனு வந்து நிற்கும். வழக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புரோக்கரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

சம்மன் ஒழுங்காகச் சேர்ந்த பிறகும் ரத்து மனு வந்தால், செலவுத் தொகை கட்டவும் கடன் தொகையில் ஒரு பகுதியைக் கோர்ட்டில் டெபாசிட் செய்யவும் நிபந்தனை விதிக்கும்படி உங்கள் வக்கீலை எதிருரையிலேயே (அந்த மனுவுக்கு நீங்கள் தாக்கல் செய்யும் பதிலில்) கேட்கச் சொல்லுங்கள்.