தொட்டியில் தாமரை: கேளுங்க, சொல்றேன்

பல்லடம்: அண்ணா, விதை ஊறப்போட்டு ஒரு மாசமாச்சு. முளைக்கவே இல்லீங்க.

ஊறப்போட்டா மட்டும் பத்தாதுங்க. அந்த ஓட்டுக்குள்ள தண்ணி போகாது. சீனாவுல ஏரிப் படுகையில கிடைச்ச விதை ஒண்ணு, ஏறக்குறைய 1,300 வருசத்துக்கு அப்புறம் முளைச்சிருக்குது. விதையோட ஒரு முனை கூரா இருக்கும், மறுமுனை குழிவா இருக்கும். குழிவான பக்கத்தை உப்புத்தாள்ல தேய்ங்க. கருப்பு ஓடு போயி வெளுப்பு தெரிஞ்சதும் நிறுத்திருங்க. தினமும் தண்ணி மாத்துனா ஒரு வாரம், பத்து நாள்ல பச்சை முளை எட்டிப்பாக்கும்.

கோபி: கிழங்கு எப்படிங்க நடுறது?

மாசி, பங்குனியில நடுங்க. ஓட்டையில்லாத வட்டத் தொட்டி, ரெண்டடி அகலம். சதுரத் தொட்டின்னா கொடி மூலையில போய் முட்டி நிக்கும். வயல் வண்டல் அரையடி போட்டு, கிழங்கைப் படுக்க வெச்சு மூடுங்க, நுனி மட்டும் வெளிய தெரியட்டும். நுனியை ஒடிச்சிராதீங்க, ஒடிஞ்சா கிழங்கு அழுகிரும். மொதல்ல வர்ற இலையெல்லாம் மிதக்கும். தண்ணிக்கு மேல இலை நிமிர்ந்து நின்ன பொறகுதான் உரம்.

ஈரோடு: நீலத் தாமரை விதை இணையத்துல விக்கிறாங்க, வாங்கலாமா?

வாங்காதீங்க. அப்படியொரு தாமரையே கிடையாது. உலகத்துல தாமரை இனம் ரெண்டுதான்: நம்மூரு வெள்ளை, சிவப்பு ஒண்ணு, அமெரிக்க மஞ்சள் ஒண்ணு.

அந்தியூர்: இல்லீங்ணா, எங்க ஊர்க் குளத்துல நீலப்பூவை நானே பாத்திருக்கறேன். அப்பாருகூட தாமரைன்னுதான் சொல்வாரு.

நீங்க பாத்தது நெசம் தம்பி, பேருதான் வேற. அது நீல அல்லி. அடுத்தவாட்டி இலையைப் பாருங்க. அல்லி இலையில காம்பு வரைக்கும் ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவுல குடை மாதிரி புடிச்சிருக்கும், ஒரு சொட்டு விட்டா முத்தா உருண்டு ஓடிரும்.

கரூர்: எதுவானாலும் ரெண்டும் ஒரே குடும்பந்தானுங்களே?

இல்லவே இல்லீங்க. மரபணுவை ஆராய்ஞ்சு பாத்ததுல அல்லி ரொம்பத் தூரம் போயிருச்சு. வால்பாறை தேயிலைத் தோட்டத்துல நிழலுக்கு நிக்குதே சில்வர் ஓக், அந்த மரந்தான் தாமரைக்குக் கிட்டத்துச் சொந்தம்! ஒண்ணு சேத்துல, ஒண்ணு மலையில. இதைத் தெரிஞ்சுக்கிட்ட நாள்ல இருந்து சில்வர் ஓக்கைப் பாக்கறப்பெல்லாம் எனக்குத் தாமரை நெனப்புதான்.

அந்தியூர்: சரிங்ணா, இலையைப் பாத்துட்டு வந்து சொல்றேன்.

படமும் எடுத்துட்டு வாங்க.

திருப்பூர்: இலை நெறைய இருக்குது, பூ இல்லை.

தினம் ஆறு மணி நேரம் நேர் வெயில் படணும். தொட்டியை மொட்டை மாடிக்கு ஏத்துங்க.

தாராபுரம்: எனக்கும் மொட்டு வரலீங்க.

வெயில். மேல சொன்னதுதான்.

காங்கேயம்: பூக்கவே மாட்டேங்குதுங்க, கிழங்கை எடுத்து மாத்தி நடட்டுங்களா?

வெயில் இருக்குதான்னு மொதல்ல பாருங்க அம்மணி. இப்பக் கிழங்கைக் கிளறினா நுனி ஒடியும்.

பொள்ளாச்சி: கொசு?

கப்பி மீன் விடுங்க. கெண்டை வேண்டாம், மண்ணைக் கிளறிரும்.

கோவை: ஆகாயத்தாமரை ரெண்டு சேத்து விடலாமா?

தயவுசெஞ்சு வேண்டாம். நம்ம கோவைக் குளங்கள்ல அதை அள்ளி மாளலை.

சத்தி: மொட்டாப் பறிச்சு சாமிக்கு வெச்சா விரியலீங்க.

பறிச்ச மொட்டு பெரும்பாலும் தானா விரியாது, இதழை நாமதான் மடிச்சு விடோணும். செடியிலயே விட்டீங்கன்னா காலையில விரிஞ்சு மத்தியானம் கூம்பும், மூணு நாலு நாள்ல இதழ் கொட்டிரும். ரெண்டாம் நாள் விடியக்காலையில பறிங்க, வாசம் நல்லா இருக்கும்.